செவலைக்கு வீடு பார்த்துக் கொடுத்த டீச்சரம்மா

தெருநாய்களுக்கு வீடு தேடித் தரும் ஒரு சேவையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அதன் பெயரைச் சொல்லாமல் விடுவது முறையில்லைதான். ஆனால் டீச்சரம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். "எங்களப் பத்தி என்ன வேணா எழுதுங்க தாயி, பேரையும் தெருவையும் மட்டும் போட்றாதீங்க. போன வருசம் ஒருத்தர் போட்டுட்டாரு. மறுநாள் விடியக்காலம் கதவைத் திறந்தா வாசல்ல அட்டைப்பெட்டி. உள்ள ஏழு குட்டி, ஒண்ணுக்கும் கண்ணு திறக்கல." அந்த ஏழில் மூன்றைத்தான் காப்பாற்ற முடிந்ததாம். அதனால் பெயர் இல்லை.

மதுரைக்கு வடக்குப் பக்கம் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், அவருடைய தம்பி மகன், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். நாலே பேர். காப்பகம் கிடையாது, கூண்டு கிடையாது, வண்டி கிடையாது. தெருவில் அடிபட்டோ நோய்பட்டோ கிடந்த நாயை யாராவது எடுத்துத் தேற்றி வைத்திருந்தால், அதற்கு நிரந்தரமாக ஒரு வீடு தேடித் தருவார்கள். அது ஒன்றுதான் வேலை. காசு வாங்குவதில்லை. ஊரில் நாய் பார்க்கும் மருத்துவர்களிடம் கேட்டால் இவர்கள் எண் கிடைத்துவிடும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் டெக்னீசியன். வாடகை வீடு ஒத்தக்கடையில். 2025 ஜூன் மாதக் கடைசியில் நைட் டூட்டி முடிந்து விடிகாலையில் வந்துகொண்டிருந்தேன். நரசிங்கம் போகிற ரோட்டில் பூட்டிக் கிடந்த டீக்கடை பெஞ்சுக்கு அடியில் இந்த நாய், செவலை, படுத்திருந்தாள். கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் அழுகிய புண்ணின் வாடை எனக்குத் தெரியும். செந்நிறம், ஒரு வயசு இருக்கும், பெட்டை. கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம், அதற்குள் புழு. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் நீல நைலான் கயிறு தெரிந்தது. குட்டியாக இருக்கும்போது யாரோ கட்டியிருக்கிறார்கள். நாய் வளர்ந்துவிட்டது, கயிறு வளரவில்லை. அவிழ்த்துவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. பாதிக் கழுத்துக்குக் கயிறின் மேலேயே தோல் மூடிவிட்டிருந்தது.

தூக்கப் போனபோது என் மணிக்கட்டைக் கவ்வினாள். ரத்தம் வரவில்லை, பல் பட்டு லேசாகச் சிராய்த்தது. இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தெருநாயைத் தூக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் முதல் ஊசி அன்று, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று கணக்கு. அங்கே இலவசமாகவே போடுகிறார்கள். நாய் பாவம், நல்ல நாய் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ரேபிஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

மருத்துவர் மயக்க ஊசி போட்டு, கயிறை இஞ்ச் இஞ்சாக அறுத்து எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் கயிறோடு ஒரு சின்னப் பித்தளை மணியும் வந்தது. சீழ் காய்ந்து அடைத்துப்போய் ஆட்டினால் சத்தமே வரவில்லை. ஆசையாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த மணியைக் கழுவி வைத்திருக்கிறேன், தூக்கிப்போட மனசு வரவில்லை.

செவலை என்று பெயர் வைத்தது எங்கள் தெருப் பிள்ளைகள். மூன்று வாரத்தில் புண் ஆறியது. ஆனால் வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்கள், "காயம் ஆறுற வரைக்கும் இருக்கட்டும், அதுக்கு மேல ஆகாது." அவர்கள் சொன்ன வார்த்தைக்கு மேல் பத்து நாள் பொறுத்துக்கொண்டார்கள், குறை சொல்ல மாட்டேன்.

முதலில் நானே வீடு தேடினேன். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் படம் போட்டேன், தெரிந்தவர்களும் போட்டார்கள். வந்த அழைப்புகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன், முப்பத்தொன்று. பாதிப்பேர் எடுத்ததும் கேட்டது "ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?" என்றுதான். அந்த ஜாதியில்லை, தெருநாய் என்றதும் வைத்துவிட்டார்கள். பெட்டை என்றதும் வைத்தவர்கள் ஏழெட்டுப் பேர், கருத்தடை செய்தாகிவிட்டது என்று நான் சொல்லி முடிக்கும்வரைகூட இருக்கவில்லை. தேய்பிறை அஷ்டமிக்குள் முழுக் கறுப்பாக ஒரு நாய் வேண்டும், ஜோசியர் சொன்னார் என்றார் ஒருவர். இன்னொருவர் நேரில் வந்து காலைத் தூக்கி நகத்தை எண்ணிப் பார்த்தார், பதினெட்டா இருபதா என்று. கோழிப் பண்ணைக்குக் காவலுக்கு வேண்டும் என்றவர், "கட்டிப் போட்டாத்தான் குலைக்கும்" என்றார். கயிறு பதிந்த தழும்போடு இருக்கிறவளை எப்படி அங்கே அனுப்புவது?

இதற்கு நடுவில், வீட்டில் வைக்க முடியாமல், தினம் 300 ரூபாய் என்று பேசி ஓர் இடத்தில் பன்னிரண்டு நாள் விட்டிருந்தேன். அந்த இடத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. திரும்பக் கூட்டி வந்தபோது காது மடலுக்குள் துவரம்பருப்பு மாதிரி உண்ணிகள். நாலு நாளில் காய்ச்சல், சோறு திங்கவில்லை, ஈறு வெளுத்துவிட்டது. மருத்துவர் ரத்தம் எடுத்தார். தட்டணு, அதாவது பிளேட்லெட், 42,000. நாய்க்குக் குறைந்தது ஒன்றேமுக்கால், இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். டெங்கு சீசனில் இந்த எண்ணை எத்தனையோ ரிப்போர்ட்டில் அடித்திருக்கிறேன், ஆனால் என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் உயிருக்கு அது வந்தபோது கை நடுங்கியது. மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளை அணு ஒன்றுக்குள் மல்பெரிப் பழம் மாதிரி ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கொத்து. உண்ணிக் காய்ச்சல் கிருமி. அரிதாகத்தான் கண்ணில் படுமாம், எங்களுக்குப் பட்டது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். அந்த மருத்துவர்தான் டீச்சரம்மா எண்ணைக் கொடுத்தார்.

சரி, இனி இவர்கள் வேலை எப்படி என்று சொல்கிறேன்.

முதல் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனை எடுக்கவே மாட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் ஒரு குரல் செய்தி வந்தது. அவசரம் என்று இருப்பவர்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். அடிபட்ட நாயை எடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் வர மாட்டார்கள், அதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. வீடு கிடைக்கும்வரை நாயை நாம்தான் வைத்திருக்க வேண்டும், மருத்துவச் செலவும் நம்முடையது. எனக்கு ஊசி, கருத்தடை, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்துக்கு மேல் ஆனது.

ஆனால் அந்த முதல் குரல் செய்தியிலேயே அவர் கேட்ட கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. "இந்தப் பிள்ளைக்கு வீடு வேணும்னு எப்படித் தாயி முடிவு பண்ணீங்க?" நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்புறம் விளக்கமாகச் சொன்னார். ஒரு தெருவில் பிறந்து, நாலு வீட்டுச் சோறு தின்று, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிற நாயைப் பாவம் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்து வீடு தேடினால், அது நல்லதாக முடிவதில்லை. அதற்குக் கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டு அதே தெருவில் விடுவதுதான் சரி. 2023-இல் வந்த கருத்தடை விதிகளும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடத்தான் சொல்கின்றன. "வீட்டுல வளந்து வெளியே தள்ளப்பட்டது, ஊனமானது, தாயில்லாத குட்டி, இதுகளுக்குத்தான் நாங்க வீடு பாக்குறது. ஊருல உள்ள அத்தனை நாய்க்கும் வீடு எங்க இருக்கு?" செவலை முதல் வகை. கயிறே சாட்சி.

அடுத்த ஞாயிறு நேரில் வந்தார்கள். டீச்சரம்மா பேசவே இல்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செவலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மகன் தட்டில் சோறு வைத்து, பாதி தின்னும்போது தட்டை நகர்த்திப் பார்த்தார். துடைப்பத்தை எடுத்தார். செவலை கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டாள். ஒரு குழந்தையைத் தூரத்தில் நடக்க விட்டார்கள், வாலை ஆட்டினாள். பைக்கை ஸ்டார்ட் பண்ணினார்கள், நடுங்கினாள். எல்லாவற்றையும் அந்தக் கல்லூரிப் பெண் எழுதிக்கொண்டாள். பிறகு அவர்கள் எழுதிக் கொடுத்த குறிப்பில் நான் போட்டிருந்த "அன்பான, அழகான" எதுவும் இல்லை. "துடைப்பத்துக்குப் பயப்படுவாள். கழுத்தில் கை வைத்தால் முதலில் உறுமுவாள். சத்தம் ஆகாது. குழந்தைகளோடு ஒத்துப்போவாள். இரவில் குலைப்பாள்." படித்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படி எழுதினால் யார் எடுப்பார்கள்? ஆனால் அதற்கு அப்புறம் வந்த அழைப்புகள் ஒன்பதுதான், ஒன்பதும் முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள்.

அந்த ஒன்பதில் ஆறு பேரை இவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கே.கே.நகர் பக்கம் ஒரு பெரிய வீடு, தோட்டம், வேலைக்கு ஆள், எல்லாம் உண்டு. நான் மனசுக்குள் செவலையை அங்கே குடிவைத்தே விட்டேன். டீச்சரம்மா முடியாது என்றார். அந்த வீட்டில் பத்து வருடத்தில் நாலு நாய் இருந்திருக்கின்றன, நாலும் எங்கே போயின என்று கேட்டதற்கு ஒன்றுக்குக்கூட நேரான பதில் வரவில்லை. அன்றைக்கு நான் டீச்சரம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். ஊரில் நல்ல வீடு கிடைக்காமல் திண்டாடும்போது கிடைத்ததைத் தட்டிவிடுகிறீர்களே என்றேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. "நாலு நாளு பொறுங்க" என்றார், அவ்வளவுதான்.

செப்டம்பர் நடுவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். ஊருக்குள் மாடி வீடு. பத்தொன்பது வயசுப் பையன், அவனுக்கு நாய் என்றால் உயிர். அப்பாவும் சரி என்றார். கையெழுத்து வாங்கும் தாள் ஒன்று வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கம். வருடா வருடம் ரேபிஸ் ஊசி. சங்கிலி போட்டுக் கட்டி வைக்கக் கூடாது. பெல்ட் கழுத்தில் அல்ல, நெஞ்சில். அதில் போன் எண் எழுதிய தகடு. முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, வெளியே விடக் கூடாது, எங்களிடமே திரும்பத் தர வேண்டும். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டப்படியே குற்றம் என்பதும், 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தத்தெடுத்த தெருநாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று சொன்னதும் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவரை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறார்கள். அந்த உத்தரவு அப்போதுதான் வந்திருந்தது, அதற்குள் தாளில் ஏறிவிட்டது.

மாதம் முதல் தேதி படம் அனுப்ப வேண்டும். நாய் தலை முதல் வால் வரை தெரிய வேண்டும், தண்ணீர்ப் பாத்திரமும் அதே படத்தில் தெரிய வேண்டும். அக்டோபர் முதல் தேதி வந்த படம் நன்றாக இருந்தது. நவம்பர் முதல் தேதி வந்த படத்தில் முகம் மட்டும். நான் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மாவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. "கழுத்துக்குக் கீழ ஏன் இல்ல?" என்று கேட்டுத் தம்பி மகனை அன்று மாலையே அனுப்பிவிட்டார்.

தீபாவளிக்கு வெடி வெடித்தபோது செவலை பயந்து கதவைப் பிறாண்டியிருக்கிறாள், மாவுச் சட்டியைத் தட்டிவிட்டிருக்கிறாள். அதிலிருந்து மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், சங்கிலி. பையன் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டான். வீட்டம்மா அழுதுவிட்டாராம். அவருக்கு முதலிலிருந்தே நாய் வேண்டாம். காலையில் எழுந்து சமைத்து, வேலைக்குப் போய், வந்து, மாடிப்படி ஏறி நாய் மூத்திரத்தைக் கழுவ வேண்டியவர் அவர். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. இவர்கள் வீடு பார்க்கப் போன அன்றும் அவர் வேலைக்குப் போயிருந்தார்.

இதில் இவர்கள் செய்ததும் தப்புதான், நான் மறைக்கவில்லை. அவர்களும் மறைக்கவில்லை. இரவு ஒன்பதரைக்கு என் வீட்டு வாசலில் செவலையோடு வந்து நின்று டீச்சரம்மா சொன்ன முதல் வார்த்தை, "அந்தம்மாவப் பாக்காமக் குடுத்தது எங்க தப்பு தாயி. மன்னிச்சுக்கங்க." செவலை என் மேல் ஏறி நக்கினாள். கழுத்தைத் தடவிப் பார்த்தேன், பழைய தழும்பு அப்படியே இருந்தது, புதுசாக ஒன்றும் இல்லை. ஆனால் கையை எடுக்கும்போது உறுமினாள், ஆகஸ்டிலேயே விட்டிருந்த பழக்கம் அது.

அதற்குப் பின் அவர்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். இப்போது வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் இருக்கும் நேரத்தில்தான் போகிறார்கள். பெருக்குகிறவர் யார், சோறு வைக்கப்போகிறவர் யார் என்று கேட்டு, அவரோடு தனியாகப் பத்து நிமிடம் பேசுகிறார்கள். தாளில் அவருடைய கையெழுத்துதான் முதலில்.

டிசம்பரில் சோழவந்தானிலிருந்து ஒரு வீடு. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார்கள். போனில் பேசியது மருமகள். நாங்கள் கார் பிடித்துப் போனோம், செவலை என் கால்மாட்டில். வாய்க்கால் பாலம் தாண்டியதும் ஜன்னல் வழியாக மூக்கை நீட்டிக்கொண்டே வந்தாள். வீட்டில் எட்டுப் பேரும் இருந்தார்கள். சோறு வைக்கப்போவது யார் என்று டீச்சரம்மா கேட்டதும் எல்லோரும் திண்ணையைக் காட்டினார்கள். அப்பத்தா உட்கார்ந்திருந்தார்கள், எழுபதுக்கு மேல் இருக்கும்.

"நாய் வரட்டுமா அப்பத்தா, உங்களுக்குச் சம்மதமா?" என்றேன்.

"வந்தா வரட்டும் ஆத்தா. வந்ததை ஏன் கேக்குற? அதுகிட்டக் கேளு, அதுக்குச் சம்மதமான்னு."

அப்பத்தா உள்ளே போய் அலுமினியத் தட்டில் சோறும் கொஞ்சம் மீன் குழம்புத் தண்ணியும் பிசைந்து எடுத்து வந்தார்கள். முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். தட்டைப் படியில் வைத்துவிட்டு, நாயைக் கூப்பிடவில்லை, பார்க்கவும் இல்லை. முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். செவலை என் பின்னால் நின்றாள். ஐந்து நிமிடம் இருக்கும். ஓரடி வைத்தாள், நின்றாள். மூலையில் துடைப்பம் இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அப்பத்தா எழுந்து ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மறுபடி கல் பொறுக்கினார்கள். இரண்டாம் தடவை தட்டுவரை போனாள். தின்று முடித்து, தட்டை நக்கிப் படியிலிருந்து கீழே தள்ளி, அந்தச் சத்தத்துக்குத் தானே பயந்து, ஓடி ஒளிந்தது அப்பத்தா சேலைக்குப் பின்னால்.

டீச்சரம்மா தாளை வெளியே எடுத்தார். அப்பத்தாவுக்குக் கையெழுத்துத் தெரியாது, பெருவிரல் ரேகை வைத்தார்கள்.

பதினைந்து நாள் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்பது இவர்கள் வழக்கம். அந்தப் பதினைந்து நாளில் மூன்று தடவை போன் போட்டார்கள், ஒரு தடவை சொல்லாமல் நேரில் போனார்கள். முதல் மூன்று நாள் செவலை சரியாகத் தின்னவில்லை, இரண்டாம் வாரம் கோழியைத் துரத்தினாள், மருமகள் கொஞ்சம் பயந்தார். புது இடத்தில் மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் உரிமை, அதுவரை பொறுங்கள் என்று டீச்சரம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் அதைச் சொன்னார் போல. நான் முதல் வாரம் தினம் இரண்டு தடவை போன் போட்டுத் தொல்லை கொடுத்தேன். ஒரு மாதம் அங்கே போகாதீர்கள் என்று அவர்தான் தடுத்தார். பொறுக்க முடியாமல் இருந்தது, ஆனால் அதைக் கேட்டதால் நல்லதே நடந்தது.

முதல் படம் எடுத்ததிலிருந்து சோழவந்தான் வீடு வரை, நடுவில் திரும்பி வந்ததையும் சேர்த்து, ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் மேல். சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்று இருப்பவர்களுக்கு இவர்கள் ஒத்துவர மாட்டார்கள். போன் விஷயத்தில் ஒரு மார்க் குறைப்பேன். மற்றபடி, கொடுத்த நாயைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று எழுதி, அதே மாதிரி இரவோடு இரவாக வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் என்ன மார்க் போடுவது? கூப்பிடுகிறவர்கள் மூன்று விஷயம் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்: ஊசிச் சீட்டு, கருத்தடைச் சீட்டு, நாயைப் பற்றி ஒளிக்காமல் நாலு வரி. குரல் செய்தியாக அனுப்புங்கள், டீச்சரம்மாவுக்குக் கண் சரியில்லை, எழுத்தைப் படிக்க நேரமாகும்.

இந்த மார்ச் முதல் தேதி படம் வந்தது. செவலை நிற்க மாட்டேன் என்றிருக்கிறாள் போல, வால் மங்கலாக விழுந்திருக்கிறது. தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறது. கழுத்தில் முடி முளைக்காத அந்த வளையத்தின் மேல் அப்பத்தாவின் கை இருக்கிறது, விரல் நுனியெல்லாம் வெற்றிலைச் சுண்ணாம்பு.